பேய் வீட்டின் வெளிவாசல்

அச்சத்தைப் பணம் கொடுத்து வாங்கும் உயிரினம் மனிதனைத் தவிர வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. இருள் சூழ்ந்தால் விளக்கேற்றுகிறோம். வீட்டில் ஓசை கேட்டால் எழுந்து சென்று பார்க்கிறோம். பிள்ளை கனவில் அலறினால் அள்ளி எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறோம். ஆனால் அதே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, சீட்டு வாங்கி, வரிசையில் காத்திருந்து, அலறுவதற்கென்றே கட்டப்பட்ட இருட்டறைக்குள் நாமே விரும்பி நுழைகிறோம். இந்த முரண்பாடு சிந்தனைக்குரியது.

சித்திரை பிறந்து பள்ளிகள் மூடப்பட்டால், கம்பம் பள்ளத்தாக்கின் குடும்பங்களுக்கு வீரபாண்டித் திருவிழா நினைவுக்கு வந்துவிடுகிறது. கௌமாரியம்மன் கோயில் விழாவை ஒட்டி முல்லையாற்றங்கரையில் விரியும் அந்தக் கேளிக்கை உலகுக்கு, உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் பகுதிகளிலிருந்து சமய வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர். வானளாவிய ராட்டினம், கப்பலைப்போல் ஆடும் கொலம்பஸ், சுழலும் டோரா டோரா, மரணக் கிணறு, டெல்லி அப்பளம் ஆகியவற்றோடு, எலும்புக்கூடு வரைந்த தட்டியும் கரகரத்த ஒலிபெருக்கியுமாகப் பேய் வீடும் இன்று இத்தகைய பொருட்காட்சிகளில் வழக்கமாகிவிட்டது. வசதி சற்றுக் கூடியவர்கள் மதுரைக்கு அருகே பரவையில் உள்ள அதிசயம் பூங்காவுக்கோ, குமுளி மலையேறிக் கொச்சியின் வொண்டர்லாவுக்கோ செல்கின்றனர். 2000ஆம் ஆண்டில் வீகாலாண்டு என்னும் பெயரில் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவின் பெயர், நம் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த ஒன்று.

இச்சூழலில் ஆண்டுதோறும் நம்மிடம் வந்து சேரும் கேள்வி ஒன்றுண்டு. "சாமி, பிள்ளைகளைப் பேய் வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா? அது நம்ம வேதத்துக்கு ஆகுமா?" இதற்கு இரு விடைகள் ஆயத்தமாக இருக்கின்றன. ஒன்று, பேய் என்ற சொல்லைக் கேட்டதுமே கூடாது எனத் தடுப்பது. மற்றொன்று, எல்லாம் அட்டையும் சாயமுந்தானே, இதில் என்ன இருக்கிறது எனத் தள்ளிவிடுவது. இவ்விரு விடைகளிலும் பேய் வீட்டை உற்றுநோக்கும் உழைப்பு இல்லை. ஒரு நாடகத்தையோ நாவலையோ திறனாய்வு செய்வதுபோல இதையும் ஒரு படைப்பாகக் கொண்டு மதிப்பிட்டால் என்ன? அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒரு கலைநுட்பம் உண்டு. தன் பார்வையாளரை, சிறப்பாகக் குழந்தையை, அது எவ்வாறு நடத்துகிறது என்னும் அறமும் உண்டு.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். பேய் வீட்டின் மூதாதை மாய விளக்கு. ஹாலந்து நாட்டு அறிவியலாளர் ஹைகன்ஸ் 1659 அளவில் அதனை அமைத்தார். இயேசு சபைத் துறவியான அத்தனாசியுஸ் கிர்ச்சர், ஒளியையும் நிழலையும் பற்றிய தம் நூலின் 1671ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனைப் படத்துடன் விளக்கினார். அவர் காட்டிய படங்களில் தீச்சுடர் நடுவே நிற்கும் மனித உருவமும், அரிவாள் ஏந்திய எலும்புக்கூடும் இடம்பெற்றிருந்தன. ஒரு நூற்றாண்டுக்குப் பின் பாரிஸ் நகரில் ராபர்ட்சன் என்னும் கலைஞர், அதே விளக்கைச் சக்கரங்களின்மேல் ஏற்றித் திரைக்குப் பின்னாலிருந்து முன்னும் பின்னும் நகர்த்தினார். திரையில் விழுந்த உருவம் திடீரெனப் பெருகி மக்கள்மேல் பாய்வதுபோல் தோன்றியது. 1799ஆம் ஆண்டில் அந்தக் காட்சிக்கு அவர் தேர்ந்துகொண்ட இடம், புரட்சியால் கைவிடப்பட்டுக் கிடந்த கப்புச்சின் துறவியர் மடம்.

பின்னர் 1862இல் இலண்டன் நகரில் பெப்பர் என்பவர் பெரிய கண்ணாடிப் பலகையைச் சாய்த்து நிறுத்தி, பார்வையாளர் கண்ணுக்குப் படாத இடத்தில் ஒளியூட்டப்பட்ட நடிகரின் பிம்பத்தை மேடையில் ஆவிபோல் நடமாடவிட்டார். 1865இல் அதே நகரில், மேசைமேல் உடலற்ற தலையொன்று பேசியது. மேசைக்கால்களுக்கு இடையே சாய்வாக வைக்கப்பட்ட நிலைக்கண்ணாடிகள் பக்கத்துத் திரைகளைப் பிரதிபலித்து, மேசைக்கடியில் ஒன்றுமே இல்லை என்ற மயக்கத்தை ஏற்படுத்தின. நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் முன்னர் கண்டு வியந்த 'தலை மட்டும் பேசும் பெண்'ணும் 'நாகக்கன்னி'யும் இந்தக் கண்ணாடிக் குடும்பத்துப் பிள்ளைகளே. ஆக, பேய் வீட்டின் கூடாரத்துள் இருப்பது சூனியம் அன்று; ஒளியியல். பேய் என்ற சொல்லே அதனைத் தீட்டாக்கிவிடும் என்போர் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இனி, இதில் இன்பம் எங்கிருந்து வருகிறது? எட்மண்டு பர்க் என்னும் சிந்தனையாளர், அச்சம் நம்மை மிகவும் நெருங்கி அழுத்தாத வரையில் மகிழ்வூட்டுவதாகும் என 1757ஆம் ஆண்டிலேயே எழுதினார். அவர் இலக்கியத்தையும் இயற்கையையும் மனத்தில் கொண்டே இதைச் சொன்னார். ஆயினும் பேய் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைப்பது அரிது. ஆபத்து இல்லை என்பதை அறிவு அறிந்திருக்கிறது. உடலோ அறியாததுபோல் நடுங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு வெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. புனித அக்குவினா தோமாவும் விளையாட்டை இழிவாகக் கருதியவர் அல்லர். எப்போதும் நாணேற்றிய வில் முறிந்துபோகும் என்னும் பழைய கதையைத் தம் இறையியல் தொகுப்பில் எடுத்தாண்டு, மனத்துக்கும் ஓய்வு வேண்டும் என்கிறார். அதே இடத்தில் அவர் எல்லைகளையும் வரையறுக்கிறார்: விளையாட்டு எவருக்கும் தீங்கு செய்யலாகாது, மனத்தின் சமநிலையைக் குலைக்கலாகாது, ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். குறிப்பாக, ஆளுக்கு ஏற்றதா என்னும் கேள்வி குழந்தையோடு செல்லும் பெற்றோருக்கு உயிரானது.

இந்த அளவுகோலோடு இரு படைப்புகளைப் பார்ப்போம். முதலாவது அமெரிக்காவில் உள்ளது. வால்ட் டிஸ்னி, தம் பெண்மக்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் பூங்கா ஒன்றில் குதிரை ராட்டினம் சுற்றுவதைப் பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழும் ஓர் இடம் வேண்டும் என எண்ணியதாகப் பின்னாளில் கூறினார். 1955ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட டிஸ்னிலாந்து அதன் விளைவு. அங்கு 1969 ஆகஸ்டு 9 அன்று திறக்கப்பட்ட பேய் மாளிகையை வடிவமைத்த கலைஞர்களிடையே, அது அஞ்சவைக்க வேண்டுமா, நகைக்கவைக்க வேண்டுமா என்னும் விவாதம் நெடுநாள் நீடித்தது. இறுதியில் இரண்டும் இணைந்தன. முன்பாதியில் இருண்ட நடைவழிகளும் கதவு தட்டும் ஓசைகளும். பின்பாதியில் ஆவிகளெல்லாம் கூடிப் பாடிக் களிக்கும் கொண்டாட்டம். அங்குள்ள விருந்து மண்டபத்தில் நடனமாடும் ஆவிகள், 1862ஆம் ஆண்டின் அதே கண்ணாடி உத்தியால் தோன்றுகின்றன. குடும்பத்தினர் ஓர் இருக்கையில் தோளோடு தோள் சேர்ந்து அமர்ந்தே இவற்றைக் கடக்கின்றனர். வெளியேறும் முன் கண்ணாடியில் தங்களைப் பார்க்கையில், பக்கத்தில் ஓர் ஆவியும் அமர்ந்து பயணம் செய்வது தெரிகிறது. அச்சத்தில் தொடங்கிச் சிரிப்பில் முடிவதே அதன் கட்டுக்கோப்பு. குழந்தையைப் பாதி வழியில் கைவிடாத கட்டுக்கோப்பு அது.

இரண்டாவது நமக்கு நெருக்கமானது. 1984இல் வெளிவந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம். நவோதயா அப்பச்சன் தயாரிக்க, அவர் மகன் ஜிஜோ புன்னூஸ் இயக்கியது. அப்பச்சனே பின்னர் 1995இல் சென்னைக்கருகே தாம்பரத்தில் 'கிஷ்கிந்தா' பூங்காவை நிறுவினார் என்பது தற்செயலான தொடர்பு அன்று. கண்ணாடி அணிந்துகொண்டு, திரையிலிருந்து நீளும் பொருளைக் கை நீட்டித் தொட முயன்ற பிள்ளைகளுக்கு அத்திரையரங்கே ஒரு கேளிக்கைப் பூங்காதான். கதையைக் கவனியுங்கள். மந்திரவாதிக்கு அடிமைப்பட்டுக் கிடக்கும் குட்டிச்சாத்தானைக் குழந்தைகள் விடுவிக்கிறார்கள். அவன் அவர்களுக்குத் தோழனாகிறான். அதில் அச்சமூட்டுபவர்கள் பேராசை கொண்ட பெரியவர்கள். குழந்தையின் உண்மையான அச்சம் எங்கே குடியிருக்கிறது என்பதை அப்படம் அறிந்திருந்தது.

இவ்விரு படைப்புகளிலிருந்தும் நாம் பெறும் முடிவு இதுதான்: பேய் வீட்டின் தரத்தை உள்ளே இருக்கும் பேயைக் கொண்டு அளக்கலாகாது, வெளியே வரும் வாசலைக் கொண்டு அளக்க வேண்டும். இதை அணியாகச் சொல்லவில்லை. முதலில் நேர்ப்பொருளிலேயே சொல்கிறோம்.

1979ஆம் ஆண்டு ஜூன் 9 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், லூனா பார்க் பூங்காவின் பேய் இரயில் தீப்பற்றி எரிந்தது. எழுவர் மாண்டனர். அவர்களுள் ஒரு தந்தையும் அவருடைய இரு மகன்களும் அடங்குவர். ஏனைய நால்வரும் ஒரே கத்தோலிக்கப் பள்ளியின் மாணவர்கள். 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பேய்க்கோட்டை ஒன்று எரிந்து எட்டு இளையோர் உயிரிழந்தனர். தொலைநாட்டுப் பழங்கதை என எண்ணிவிட வேண்டா. 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட் நகரில், கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு குடும்பங்கள் கூடியிருந்த விளையாட்டுக் கூடம் எரிந்து 27 பேர் பலியாயினர். அக்கூடம் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இன்றியே நடந்துவந்தது பின்னர் வெளிப்பட்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்த நாம், இருட்டும் துணித்திரையும் மின்கம்பியும் குறுகிய வழியும் ஒன்றுசேரும் இடத்தைப் பொழுதுபோக்கு என்று மட்டும் பார்த்தல் தகுமோ? நுழையும் முன் வெளியேறும் வழி எத்தனை, எங்கே என்று கேட்பது கோழைத்தனம் ஆகாது. பதில் சொல்லத் தயங்கும் கூடாரத்துக்குள் பிள்ளையை அழைத்துச் செல்லாதிருப்பதே தந்தைமை.

இரண்டாவது வாசல் விருப்பத்தின் வாசல். பெரிய பூங்காக்களில் சவாரிக்கு முன் ஓர் அளவுகோல் நிற்கிறது. குறிப்பிட்ட உயரம் இல்லாத பிள்ளையை ஏற்ற மாட்டார்கள். பெற்றோர் கெஞ்சினாலும் மாட்டார்கள். உடலின் வளர்ச்சியை இவ்வளவு கண்டிப்பாக அளக்கும் உலகம், மனத்தின் வளர்ச்சியை அளக்க ஒரு கோலும் வைக்கவில்லை. அங்குப் பெற்றோரே அளவுகோல். அந்த அளவுகோல் வளைந்துவிடுவதை நாம் கண்டதுண்டு. ஒரு பொருட்காட்சியில், ஆறு வயது மதிக்கத்தக்க சிறுவன் பேய் வீட்டு வாசலில் தரையில் அமர்ந்துவிட்டான். "ஆம்பளப் பிள்ள அழலாமாடா?" என்று தந்தை அவன் கையைப் பிடித்து இழுத்தார். உடன் வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்தார். சிறுவன் உள்ளே சென்றான். வெளியே வந்தபோது அழவில்லை, பேசவும் இல்லை. வீரனாகிவிட்டான் என்றனர். அழுதால் எவரும் கேட்க மாட்டார்கள் என்பதை அறிந்துகொண்டான் என்றே நமக்குத் தோன்றியது.

இங்கே விளையாட்டு கொடுமையாக மாறும் கோடு தெளிவாகத் தெரிகிறது. குழந்தை பேய்க்கு அஞ்சுவது விளையாட்டு. தன்னைப் பிடித்திருக்கும் கைக்கு அஞ்சுவது விளையாட்டன்று. சோறு ஊட்டவும் தூங்கவைக்கவும் பூச்சாண்டியைக் கூப்பிடும் நம் வழக்கத்திலும் இந்தக் கோடு மங்கலாகவே இருக்கிறது. மேலைநாட்டுப் பூங்காக்கள் பலவற்றில், வரிசையின் கடைசி முனையிலும், சவாரியில் ஏறும் இடத்திலேயே, மனம் மாறியவர்கள் திரும்பிச் செல்லத் தனி வழி வைத்திருக்கிறார்கள். சீட்டுக் கிழிக்கப்பட்டுவிட்டது, பணம் வீணாகிவிடுமே என்று நாம் தயங்கும் நொடியில் குழந்தைக்கும் அப்படியொரு வழி தேவைப்படுகிறது. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து ஈட்டிய பணத்தின் அருமையை நாம் அறியாதவர் அல்லர். எனினும், வேண்டாம் என்று தான் சொன்ன சொல்லுக்குத் தந்தை மதிப்பளித்தார் என்னும் நினைவு, அந்தச் சீட்டைவிட விலையுயர்ந்தது. பிற்காலத்தில் தவறான தொடுதலுக்கும் தவறான நட்புக்கும் வேண்டாம் என்று சொல்லும் துணிவு, இத்தகைய சிறு இடங்களில்தான் வேர்கொள்கிறது.

மூன்றாவது வாசல் அறிவின் வாசல். உள்ளே கண்டதை வெளியே வந்து பேசித் தீர்க்காத வரையில், குழந்தை இன்னும் அந்த இருட்டறைக்குள்ளேயே இருக்கிறது. தலை மட்டும் பேசிய பெண்ணுக்கு உடல் எங்கே இருந்தது? கண்ணாடி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது? காலைப் பிடித்த கை யாருடையது? அந்த வேடக்காரர் இரவில் சாயத்தைக் கழுவிவிட்டுச் சாப்பிடுவாரா? பேருந்தில் வீடு திரும்பும்போது இவற்றைப் பேசும் குடும்பத்துக்குப் பேய் வீடு அறிவியல் வகுப்பாகிறது. ஒருவர் அலறியதை மற்றவர் நடித்துக் காட்டிச் சிரிக்கையில் குடும்பக் கதையாகிறது. அச்சத்துக்குத் தந்தையும் ஆளானார் என்று அறிந்து மகள் சிரிப்பதில் ஒரு நலமுண்டு. பெரியவர்களும் நடுங்குவார்கள், பின்பு தேறுவார்கள் என்பதை அவள் கற்றுக்கொள்கிறாள். பேய் பிடித்தல், செய்வினை என்று ஊர்ப் பேச்சு மலிந்த நம் பகுதியில் இந்த விளக்கம் இன்னும் இன்றியமையாதது. விளக்கம் தராமல் வீடு திரும்பினால், அட்டைப் பேய் ஊர்ப்பேச்சின் பேயோடு கைகோத்துக்கொள்ளும்.

ஒரு கண்டனத்தையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். நம் பேய் வீடுகளும் பேய்ப் படங்களும் அச்சத்துக்கு யாருடைய முகத்தைக் கொடுக்கின்றன? பெரும்பாலும் வெள்ளைச் சேலையும் விரித்த கூந்தலுமான பெண்; தீயில் வெந்த முகம்; மனநல விடுதியின் நோயாளி. வாழ்வில் ஏற்கெனவே துன்புற்றவர்களையே இருட்டறையில் நிறுத்தி நம் பிள்ளைகளை அஞ்சச் செய்கிறோம். 2016இல் கலிபோர்னியப் பூங்கா ஒன்று மனநோயாளரை மையமாக்கி அமைத்த திகில் காட்சியை, மனநல அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் நிறுத்திக்கொண்டது. நமக்கு அவ்வளவு தொலைவு செல்ல வேண்டிய தேவையில்லை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் கருகினர். அவர்களைக் கண்டு அஞ்சிய சமூகம் அவர்களுக்கு வெளிவாசல் வைக்கவில்லை. பொருட்காட்சிக் கூடாரத்தில் யாரைப் பார்த்து அலற வேண்டும் என்று கற்கும் பிள்ளை, தெருவில் யாரைப் பார்த்துக் கல்லெறிய வேண்டும் என்பதையும் கற்றுவிடக் கூடாது.

சமயத்துக்கு ஆகுமா என்ற கேள்விக்கு வருவோம். நள்ளிரவு கடந்த நேரத்தில், அலைகளுக்கு நடுவே தங்களை நோக்கி நடந்துவரும் உருவத்தைக் கண்டு திருத்தூதர்கள் பேய் என்றே அலறியதாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. கடலோடு பழகிய வலிய ஆடவர்கள் அவர்கள். ஆண்டவர் அவர்களுடைய அலறலை எள்ளி நகையாடவில்லை. அஞ்சியவர்களைப் படகிலிருந்து இழுத்து நீரில் இறக்கவும் இல்லை. முதலில் குரல் கொடுத்துத் தாம் யார் என்பதை அறிவித்தார். பேதுரு தாமே கேட்டபின்புதான் வா என்று அழைத்தார். அவர் மூழ்கத் தொடங்கியதும் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். அஞ்சும் பிள்ளையை எப்படி நடத்துவது என்பதற்கு இதனினும் தெளிந்த பாடம் வேறில்லை. வெளியே நிற்கும்போதே குரல், பிள்ளையின் விருப்பத்தின்பேரில் அழைப்பு, தடுமாறும்போது கை. இம்மூன்றும் இருக்குமாயின் கூடாரத்திலுள்ள பேய் நம் நம்பிக்கையை ஒன்றும் செய்துவிடாது. இவை இல்லையெனில், பேய் வீட்டுக்குச் செல்லாத இல்லத்திலும் குழந்தை இருட்டிலேயே வளரும்.

ஆகவே, பெற்றோரே, இந்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். சேர்ந்து அலறுங்கள், சேர்ந்து சிரியுங்கள். சீட்டு வாங்கும் முன் வெளிவாசல் எங்கே என்று பாருங்கள். பின்பு குனிந்து, பிள்ளையின் கண்ணைப் பார்த்து, உள்ளே போகலாமா என்று கேளுங்கள். போகலாம் என்றால் கையை விடாதீர்கள். வேண்டாம் என்றால் ஆளுக்கோர் அப்பளத்தை வாங்கிக்கொண்டு, ஆற்றங்கரையில் நின்று ராட்டினம் சுற்றுவதைப் பாருங்கள். அதைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.